இரண்டு கார்களும் ஒரு வலது காலும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாக ஆரம்பித்ததல்ல. வாகன இதழ் நடத்தும் நண்பர் ஒரு கட்டுரை கேட்டார். செகண்ட் ஹேண்டில் சொகுசுக் கார் வாங்குகிறவர் பழைய மாடலை எடுக்கலாமா, புதுசை எடுக்கலாமா? எதை நம்பி ஓட்டலாம், எது ஓட்டச் சுகம்? அவ்வளவுதான் கேள்வி. மூன்றாவது வரியிலேயே சங்கரன்கோவில் பாண்டியராஜ் வந்து ஏறிக்கொண்டார். அன்றைக்குப் போனது என் நிம்மதி.

2

பம்புசெட் கடைக்காரர். ஐம்பத்தாறு வயது, பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. வருகிற ஞாயிறு கோயம்புத்தூரில் மகள் அபிதாவுக்கு வளைகாப்பு. அன்றைக்கே தலைப்பிரசவத்துக்கு அவளை வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். "எம் பிள்ளைய நானே குலுங்காம கூட்டிட்டு வாரேன்" என்று சம்பந்தியிடம் சொல்லிவிட்டார். அதற்குத்தான் கார்.

(முதல் வரைவில் இல்லாதது: நாலு மாதமாக அவருடைய வலது பாதம் மரத்துக் கிடக்கிறது. வெந்நீர் பட்டாலும் தெரிவதில்லை. மனைவிக்குத் தெரியாது. என்னிடமும் மறைத்துத்தான் கதைக்குள் வந்தார், மனுஷன்.)

3

புரோக்கர் அப்துல்லா ராயகிரி போகிற ரோட்டில் இரண்டு கார்களை நிறுத்தியிருந்தார். ஒன்று 2010 மாடல், மற்றது 2019.

"பழசுல ஸ்டீயரிங் கனமா இருக்கும், அண்ணாச்சி. ஆனா ரோட்டுல சின்னக் கல்லு கெடந்தாலும் கையில தெரியும். ரிப்பேர்னா நம்ம ஊர் மெக்கானிக்கே பாத்துருவாரு. ரப்பர் சாமான்தான் அடிக்கடி போவும்."

"புதுசு?"

"சோபாவுல உக்காந்த மாதிரி. முன்னால மாடு வந்தா அதுவே பிரேக் போட்டுரும். ஆனா ஒரு சென்சார் மக்கர் பண்ணுச்சுன்னா மதுரைக்குத்தான் தூக்கிட்டுப் போவணும்."

(கட்டுரையாக இருந்தால் இத்தோடு முடித்து அனுப்பியிருப்பேன்.)

மனைவி இசக்கிசெல்வி பக்கத்தில் உட்கார, பாண்டியராஜ் முதலில் பழைய காரை எடுத்தார். எஞ்சின் சத்தம் ஒரு... (வேண்டாம். உவமை தேடுகிற மனநிலையில் நான் இல்லை.) ரோட்டின் ஒவ்வொரு ஒட்டுத் தாரும் கையில் தெரிந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காலில் மட்டும் ஒன்றுமே இல்லை. பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதை, வண்டி முன்பக்கம் குனிவதை வைத்துத்தான் கணித்தார்.

அடுத்து புதிய கார். நாலு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கும்போது அப்துல்லா கையில் ஒரு செருப்பு இருந்தது.

"இது உங்களுதா அண்ணாச்சி? நீங்க இந்த வண்டில ஏறும்போதே கழண்டு விழுந்துட்டு."

இசக்கிசெல்வி குனிந்து பார்த்தாள். கணவரின் வலது கால் வெறுங்காலாக இருந்தது. அவரும் அப்போதுதான் பார்த்தார்.

"இத்தன தூரம் வெறுங்காலோடயா மிதிச்சீய?"

"புழுக்கமா இருந்துச்சு, நாந்தான் கழத்துனேன்."

செருப்பை மாட்டிவிடுகிற சாக்கில் அவள் அவர் கால்விரலைக் கிள்ளிப் பார்த்தாள்; அவருக்கு அது தெரியவே இல்லை.*

* கதையிலிருந்து செருப்பை எடுத்துவிடு, பயமாக இருக்கிறது என்றாள் இதைப் படித்த என் வீட்டுக்காரி. எடுத்துப் பார்த்தேன். அப்போதும் அவர் வெறுங்காலோடுதான் இறங்குகிறார்.

4

முடிவுகள், எழுதி அடித்தவை:

பழையதை வாங்குகிறார். ரோடு கையில் தெரியும். ஆனால் பிரேக் இருப்பது காலடியில். அடித்தேன்.

புதியதை வாங்குகிறார். மாட்டைக் கண்டால் அதுவே நிற்கும். சென்சார் மக்கர் பண்ணுகிற நேரம் பார்த்து எதிரே ஒரு லாரி... இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியாது. பின் சீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள்.

லிங்கேஷ் என்று ஒரு டிரைவரை அனுப்பினேன். "எங்கையில ஸ்டீயரிங் இருக்கும்போது எதுக்குடே டிரைவரு" என்று வாசலோடு திருப்பிவிட்டார் பாண்டியராஜ்.

5

கார்கள் அங்கேயே நிற்கின்றன. இசக்கிசெல்வியின் போன் அடிக்கிறது. அபிதா.

"யம்மா, ஞாயித்துக்கிழம அப்பாதான வண்டி ஓட்டுதாவ? வேற ஆளுன்னா வழியெல்லாம் பயந்துட்டே வரணும். அப்பான்னா நிம்மதியாத் தூங்கிட்டு வருவேன்."

இசக்கிசெல்வி கணவரைப் பார்க்கிறாள். சொல்லிவிடாதே என்று அவர் கண்ணாலேயே கெஞ்சுகிறார். முப்பது வருஷத்தில் அவர் அவளிடம் கெஞ்சியதில்லை. இதற்கு மேல் எனக்கு எழுத வராது. அவள் என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்கள். பிள்ளை லைனில் இருக்கிறாள்.