காலி நாற்காலியின் அதிகாரம்

உயிருள்ள சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கும் அதிகாரம் சட்டப்படி துணை ஆணையருடையது. அந்த மகானுக்குக் கையெழுத்துப் போட்டால் கை வலிக்கும். அதனால் போன மாதமே அதைத் தமக்குக் கீழே இருந்த சூப்பிரண்டுக்கு எழுதிக் கொடுத்துக் கைகழுவிவிட்டார். இந்த வாரம் விடுப்பில் போனபோது தம் பதவிப் பொறுப்பையும் அதே சூப்பிரண்டிடமே விட்டுப் போனார். நம் ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அறை மாறி, பெரிய நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

நான் சரக்கு விடுவித்துத் தரும் ஏஜெண்ட். அன்று வந்தது என் அக்காவின் சரக்கு. விமானத்தில் வந்த அறுநூறு கோழிக்குஞ்சுகள், பொரித்து இரண்டு நாள் ஆனவை. மாலைக்குள் தண்ணீர் காட்டாவிட்டால் பிழைக்காது. கையெழுத்து விழும்வரை பெட்டியின் முத்திரையைத் தொடவும் விடமாட்டார்கள். அக்கா முதல்முறையாகக் கட்டிய கொட்டகையில், குஞ்சுகளுக்குச் சூடு வேண்டுமென்று பல்புகளை எரியவிட்டுக் காத்திருந்தாள்.

"சார், ஒரு கையெழுத்து போட்டா எடுத்துட்டுப் போயிடுவேன்."

"அந்தப் பவரை சூப்பிரண்டுக்குக் குடுத்தாச்சேப்பா. நான் இப்ப துணை ஆணையர்."

"சூப்பிரண்டும் நீங்கதானே சார்?"

"போன வாரம் வரைக்கும். இப்ப அந்தச் சீட்டு காலி."

"கீழ குடுத்துட்டா மேல இருக்கறவரு போடக்கூடாதுன்னு சட்டத்துல இல்லையே சார்."

"போடலாம்னு எங்க இருக்கு, காட்டு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். குஞ்சுகளை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அவரோ விளக்கம் கேட்டுத் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். நகலைச் சூப்பிரண்டுக்கு அனுப்பினார். பியூன் அதைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய், ஆளில்லாத மேஜையில் பயபக்தியோடு வைத்துவிட்டு வந்தான். இத்தனை படிப்புப் படித்து, பரீட்சையும் எழுதி இந்த லட்சணத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

மாலை வரை கிடங்கில் நின்றேன். கீச்சுச் சத்தம் பெட்டி பெட்டியாகக் குறைந்துகொண்டே வந்தது.

மறுநாள் காலை அவரே என்னைக் கூப்பிட்டனுப்பினார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"செத்த சரக்கை அழிக்கிற பவரை துணை ஆணையர் யாருக்கும் குடுக்கல. அது என்கிட்டதான் இருக்கு," என்று சொல்லி, பேனாவை எடுத்து ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டார். "பாத்தியா, ஒரு நிமிஷ வேலை."

காறித் துப்ப வந்த எச்சிலை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப பல்பை அணைச்சிடட்டுமா தம்பி?" என்று கேட்டாள்.