சாவு இல்லாத புத்தகம்

தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் வேலையை விட்ட பிறகு அருள்பாண்டிக்கு இரண்டே வேலைதான். ஒன்று, சுங்குவார்சத்திரம் அறையில் மல்லாந்து கிடப்பது. இன்னொன்று, பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய மாத நாவல்களைப் படிப்பது. எல்லாம் பெண்களுக்கென்று எழுதிய குடும்பக் கதைகள். அட்டையில் ஒருத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழை பார்ப்பாள்.

"ஏல, எங்க அக்காவே இதையெல்லாம் விட்டுட்டா," என்பான் அறைத்தோழன் பேச்சிராஜ். "மாமியா சமாதானம் ஆயிட்டாளா?"

"ஆயிருவா. இன்னும் கொஞ்சம் பக்கம் கெடக்கு."

"தெரிஞ்சுபோச்சுல்லா, பொறவு எதுக்குல படிக்க?"

தெரிந்துபோனதால்தான் படித்தான். வாங்கும்போதே கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிடுவான். ஆள் செத்திருந்தால் குவியலிலேயே திரும்பப் போட்டுவிடுவான். இந்தக் கதைகளில் விபத்து என்றால் போன் மணி அடிக்கும், ஆஸ்பத்திரிக் கதவு சாத்தியிருக்கும், டாக்டர் வெளியே வந்து பயப்பட ஒன்றுமில்லை என்பார். கதவுக்கு உள்ளே நடந்ததை எவளும் எழுதமாட்டாள்.

அருள்பாண்டி கதவுக்கு உள்ளே இருந்தவன். அடுத்த மெஷினில் நின்ற சாம்சனின் இரண்டு கைகள்மேலும் பிரஸ் இறங்கியதைப் பார்த்தவன். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே சாம்சன் செத்துப்போனான். அந்த ஷிஃப்டோடு இவன் வேலையை விட்டான். படிக்கிற நேரத்துக்கு அந்த அலறல் கேட்காது. புத்தகத்தை மூடினால் கேட்கும்.

அடக்கம் முடிந்து சில நாளில், சாம்சனின் மனைவி மெர்சி அறை வாசலில் வந்து நின்றாள். மத்தியான வெயிலில் சேரப்பணஞ்சேரியிலிருந்து வந்திருந்தாள்.

"அண்ணா, நீதான பக்கத்துல இருந்த. அவரு ரொம்பத் துடிச்சாரா?"

அருள்பாண்டி வாயைத் திறந்தான். மடியில் கவிழ்ந்து கிடந்த நாவலின் பாஷைதான் வந்தது.

"இல்லம்மா. மயக்கம் வந்துட்டு. அப்படியே சாஞ்சுட்டாரு. அவருக்கு ஒண்ணுமே தெரியல."

மெர்சி அழுதாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல காரியம் செய்துவிட்டதாக அருள்பாண்டி நினைத்தான்.

அந்தப் பொய், மெர்சி சொல்லி, துக்கம் கேட்க வந்த கம்பெனி ஆட்கள் காதுவரை போனது. கம்பெனியில் நடந்த விசாரணைக்கு அருள்பாண்டியையும் மெர்சியையும் கூப்பிட்டிருந்தார்கள். மேனேஜர் அதையே எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சாப்பிடாம வந்திருக்கார். மயங்கி மெஷின் மேல விழுந்துட்டார். மெஷின்ல ஃபால்ட் இல்ல சார். அவர் ஒய்ஃபே சொல்றாங்க."

அரசாங்க இன்ஸ்பெக்டர் மெர்சியைப் பார்த்தார்.

"ஆமா சார், மயக்கந்தான். இந்த அண்ணன் கண்ணால பாத்தாரு."

அவள் நன்றியோடு திரும்பி அருள்பாண்டியைப் பார்த்தாள். தலையாட்டினால் போதும், மெர்சி நிம்மதியாக இருப்பாள். குற்றம் செத்தவன் தலையில் விழும். அதே பிரஸ்ஸில் வேறொருவன் கை வைப்பான்.

"சார், இவங்கள கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்க."

"நான் இன்னாத்துக்குப் போவணும்? எம் புருஷன் சாவு. சொல்லு."

சொன்னான். "மயக்கம்னு நான் சொன்னது பொய் சார். கை உள்ள இருந்தா பிரஸ்ஸ எறங்க விடாம ஒரு சென்சார் தடுக்கும். ப்ரொடக்‌ஷன் குறையுதுன்னு சூப்பர்வைசர் அத வேலை செய்யாம பைபாஸ் பண்ணச் சொன்னாரு. கை உள்ள இருக்கும்போதே எறங்கிட்டு."

மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "மொதல்ல வேற சொன்னியேப்பா?"

"சாம்சன் மயங்கல. மெக்கானிக் வந்து பிரஸ்ஸத் தூக்குற மட்டும் முழிச்சுதான் இருந்தாரு. கத்திக் கத்தித் தொண்டை அடைச்சிட்டு."

"ஏதாவது பேசினாரா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

அருள்பாண்டி மெர்சியைப் பார்க்காமல் சொன்னான். "மெர்சியாண்ட இதெல்லாம் சொல்லாதடான்னாரு."

வெளியே, வாலாஜாபாத் ரோட்டில், பஸ் நிறுத்தத்தில் அவள் நின்றிருந்தாள். கன்டெய்னர் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. அவன் தள்ளி நின்றான்.

"இத்தினி நாளு நீ சொன்னத நெனச்சிக்கினுதான் தூங்கினேன்," என்றாள். "இனிமே எத நெனச்சித் தூங்கறது?"

அவன் பையில் ஒரு நாவல் இருந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, நீட்டவும் முடியாமல் உள்ளே வைக்கவும் முடியாமல் நின்றான். மெர்சி அட்டையைப் பார்த்தாள்.

"இதுல யாரு சாவறா?"

"யாரும் சாவல."

"நெசமா நடந்ததா?"

"இல்லம்மா. எல்லாம் பொய்."

"பொய்யின்னு படிக்கிறவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சுதான் படிக்காங்க."

"அப்ப குடு."

வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். சேரப்பணஞ்சேரி போகிற பஸ் வந்தது. படியில் தொங்கிய ஷிஃப்டு ஆட்களை இடித்துக்கொண்டு, அவன் பக்கம் திரும்பாமல் ஏறிப் போனாள்.