ஏழெட்டு அம்பத்திநாலு

“மெதுவாப் பேசுங்க, பாப்பா உள்ள படிச்சிட்டு இருக்கா—”

“அவ படிச்சதைக் கேட்டுட்டுத்தான் வரேன். ஏழெட்டு எவ்வளவு?”

“வந்ததும் வராததுமா இதென்ன கேள்வி? கை கால் கழுவிட்டு—”

“ஏழெட்டு எவ்வளவுடி?”

“அம்பத்தாறு! போதுமா? கணக்கு டீச்சர்கிட்ட வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்றீங்களே, உங்களுக்கே சிரிப்பா இல்ல?”

“அப்ப உன் கிளாஸ்ல மட்டும் அது எப்படி அம்பத்திநாலு ஆச்சு?”

டீச்சர் அடுப்பைத் தணித்தாள். தெருவில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். பால் ஊற்றுகிறவன்கூட ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காலையில் கரும்பலகையில் எழுதிய கணக்கை வரிவரியாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஏழு, பெருக்கல் குறி, எட்டு. அப்போது வராந்தாவில் யாரோ வாளியைக் கீழே போட்டார்கள். திரும்பிப் பார்த்துவிட்டு எழுதினாள். ஐந்து. அப்புறம் நான்கு. ஆமாம், நான்குதான்.

“கை தவறியிருக்கும்,” என்றாள். “மனுஷிதானே? நாளைக்கு அழிச்சிட்டு எழுதினாப் போச்சு. இதுக்கா இந்தக் கூத்து?”

“நீ தப்பா எழுதினதுக்கு நான் சண்டை போடல.” அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி ஸ்டூலில் உட்கார்ந்தான். பஸ் ஓட்டுகிறவன், நாள் முழுக்க ஹாரனோடு போட்டி போட்டுப் போட்டு, வீட்டில் ரகசியம் பேசினாலும் எதிர்வீட்டுக்குக் கேட்கும். “வாய்ப்பாடு சொல்லிட்டிருந்தா. ஏழெட்டு அம்பத்திநாலுன்னா. டீச்சர் பொண்ணுக்கே வாய்ப்பாடு வரலயான்னு சிரிச்சேன். தலையக்கூடத் தூக்கல. ‘எனக்குத் தெரியும்பா, அம்பத்தாறுதான். ஆனா போர்டுல அம்பத்திநாலு’ன்னா. அதுக்குத்தான் வயிறு எரியுது.”

“சின்னப் புள்ள, ஏதோ விளையாட்டுக்கு—”

“நான் ஒரு திருப்பம் தப்பாத் திரும்பினாப் போதும், பஸ்ஸே எந்திரிச்சு நிக்கும். ‘யோவ் டிரைவரு, எங்கய்யா போற’ன்னு கிழவி வரைக்கும் கத்தும். உன் வண்டியிலயும் நாப்பது பேரு உக்காந்திருக்கு. நீ குளத்துக்குள்ள விடற. ஒருத்தன் கத்தலயே, ஏன்?”

“என் கிளாஸ்ல ஒழுங்கு இருக்கு. ஊசி விழுந்தாக் கேக்கும். ஹெட்மாஸ்டரே மத்த டீச்சருங்களைக் கூட்டிட்டு வந்து காட்டறாரு.”

“சாவு வீட்டுலகூடத்தான் ஊசி விழுந்தாக் கேக்கும்.”

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் பிரம்பைத் தொட்டவள் இல்லை. அது அவளுக்குப் பெரிய பெருமை. வாயே போதும். ஒரு பையன் மரமண்டை, ஒரு பெண் தூங்குமூஞ்சி. வருஷம் முடிவதற்குள் அந்தப் பிள்ளைகளின் சொந்தப் பெயர் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கே மறந்துபோகும். எழுந்து திக்குகிற பிள்ளையைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, தேன் ஒழுக, “பயப்படாம சொல்லு கண்ணு,” என்பாள். அது சொன்னதும்தான் ஆரம்பிக்கும். “ஆஹா! இந்த அறிவை எங்கே வாங்கினே? மீதி இருந்தா எனக்கும் ஒரு கிலோ வாங்கிட்டு வா.” வகுப்பு சிரிக்கும். சிரிக்காதவன் அடுத்த ஆளாகிவிடுவான் என்பதால் எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கும்.

அந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஒன்றுதான். அதனால் பெற்ற மகளும் அதே வகுப்பு. வருஷ ஆரம்பத்திலேயே ஆசிரியர் அறையில் ஒரு குரல், அவள் காதில் விழ வேண்டுமென்றே விழுந்தது: “அவங்க பொண்ணுக்கென்ன, வீட்டுலயே கேள்வித்தாள்.” அந்த வாரம்தான் மகள் நடு வகுப்பில் துள்ளி எழுந்தாள். “அம்மா, அம்மா, அந்தக் கழித்தல் தப்பு. நீ கடன் வாங்க மறந்துட்ட!” வகுப்பே கொல்லென்று சிரித்தது. டீச்சருக்கு முகமெல்லாம் சூடேறியது. “இங்க உனக்கு அம்மா யாரும் கிடையாது. டீச்சர்! எனக்குத் தப்பு சொல்லித்தர நீ யாரு? என் வயித்துல பொறந்தா கொம்பு முளைச்சிடுமா? வெளியே போய் முட்டி போடு.” மகள் போனாள். டீச்சர் டஸ்டரை எடுத்தாள். ஒன்றும் நடக்காததுபோல அந்தக் கழித்தலைத் திருத்தினாள். அத்தனை பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று அவள் நடத்தியதிலேயே அவர்கள் மறக்காத பாடம் அதுதான்.

“டீச்சர் உடைச்சா மண்குடம், புள்ள உடைச்சா பொன்குடம்,” என்றான் அவன். “நீ ஒண்ணைக் கவனிச்சியா? அவ உன்னை வீட்டுலகூட அம்மான்னு கூப்பிடறதில்ல.”

கவனித்திருந்தாள். ‘நீ’ போய் ‘நீங்க’ வந்தபோது மரியாதை கற்றுக்கொண்டாள் என்று நினைத்தாள். ‘டீச்சர், தண்ணி குடிக்கட்டுமா’ என்று வந்தபோதுகூட, பழக்க தோஷம் என்று சிரித்துவைத்தாள்.

“பரீட்சை முடியட்டும்னு இருந்தேன். வேண்டாம். என் அக்கா வீட்டுல விட்டுடறேன். அங்கயும் ஸ்கூல் இருக்கு. அங்க இருந்தா வாயாவது திறப்பா.”

“என் பொண்ணை என்கிட்ட இருந்து பிரிக்கப் பாக்கறீங்களா?”

“நான் எங்கடி பிரிச்சேன்?” என்றவன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். “பாப்பா, இங்க வா. அத்தை வீட்டுல இருந்து படிக்கறியாடா?”

மகள் கதவோரம் வந்து நின்றாள். அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தில் என்ன விடை எழுதியிருக்கிறது என்று தேடினாள்.

“டீச்சர் சொன்னாப் போறேன்.”

மகள் திரும்பிப் போனதும் டீச்சர்தான் பேசினாள். “ஒரே ஒரு நாள் குடுங்க. நாளைக்கு என் கிளாஸ்ல ஒரு புள்ளையாவது எந்திரிச்சு, ‘டீச்சர், நீங்க எழுதினது தப்பு’ன்னு சொல்லட்டும். அப்படிச் சொன்னா, பாப்பா இங்கயே இருக்கட்டும்.”

“சொல்லலேன்னா?”

“சொல்லுவாங்க. புள்ளைங்கதானே.”

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் நாற்பது பேரும் ஒரே சத்தமாக எழுந்து, ஒரே சத்தமாக உட்கார்ந்தார்கள். நேற்று வரை இதமாக இருந்த சத்தம். இன்று காதை அறுத்தது. முதல் வரிசையில் ஒரு பிள்ளைக்குத் தும்மல் வந்தது. இரண்டு கையாலும் மூக்கைப் பொத்தி, கண்ணில் நீர் வர, அதை உள்ளேயே விழுங்கிக்கொண்டது. இதெல்லாம் இத்தனை நாள் கண்ணில் படவேயில்லையே என்று நினைத்தபடி பலகைப் பக்கம் திரும்பினாள். ஏழெட்டு ஐம்பத்துநான்கு என்று, வேண்டுமென்றே, பெரிதாக எழுதினாள்.

“இதுல ஏதாவது தப்பு இருக்கா?”

மூச்சுக்கூட இல்லை.

“வீட்டுல வாய்ப்பாடு படிச்சிருப்பீங்களே. நல்லாப் பாருங்க.” குரலில் கனிவைக் கூட்டினாள். தெரிந்த கனிவு ஒன்றுதானே இருந்தது, அதுவே வந்தது. “பயப்படாம சொல்லுங்க கண்ணுங்களா.”

நாற்பது தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்தன. கடைசி பெஞ்சில் மரமண்டை கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளங்கையில் சாக்பீஸ் வேர்வையில் குழைந்தது. சிரிக்க வைக்க வேண்டும், சிரித்துவிட்டால் போதும், வாய் திறந்துவிடும் என்று தோன்றியது. கணக்குக்குக் கீழே அவசரமாக எழுதினாள்: ‘நாய்க்கு எட்டுக் கால்.’ ஒரு நாயையும் வரைந்தாள். எட்டுக் கால்களையும் வரைவதற்குள் அது சீப்பு மாதிரி ஆகிவிட்டது. அவளே சிரித்துக்கொண்டு திரும்பினாள்.

“எப்படி? சரியா?”

“சரி, டீச்சர்!”

நாற்பது குரலும் ஒன்றாக. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த ஹெட்மாஸ்டர் அந்தச் சத்தத்துக்கு நின்றார். பலகையை அவர் பார்க்கவில்லை. வரிசை வரிசையாகக் கைகட்டி உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். “பேஷ்,” என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

டீச்சர் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் வீட்டில் துணிப்பை மடித்து வைக்கப்படுவதும், அந்தச் சின்ன செருப்பு வாசலில் இல்லாமல் போவதும் கண்ணுக்குள் வந்தது. ஒருத்தர். ஒரே ஒருத்தர் போதும்.

அப்போது ஜன்னலோரம் ஒரு கை மெல்ல எழுந்தது.

மகளின் கை. முழுதாக நீளவில்லை; முழங்கை இன்னும் விலாவோடு ஒட்டியிருந்தது. தெரியும் அவளுக்கு. நேற்றே அப்பாவிடம் சொன்னவள்தானே, ராத்திரி சண்டையையும் கேட்டவள்தானே. சொல்லிவிடுவாள். எல்லோர் முன்னாலும் சொல்லட்டும்.

“சொல்லு,” என்றாள். பிறகு, இந்த அறைக்குள் இதுவரை சொல்லாத விதத்தில், “சொல்லும்மா.”

மகள் எழுந்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். பலகையில் இருந்த நாயை ஒருமுறை பார்த்தாள், அப்புறம் அம்மாவின் முகத்தை.

“டீச்சர், இதையும் நோட்டுல எழுதிக்கணுமா?”