உபகாரமேரி வேலைக்குப் போகவில்லை

குழாய்க் கம்பெனியின் ஆபீஸ் வாசலில், முதல் ஷிப்டு முடிந்த ஆட்கள் தலையெல்லாம் மண் தூசியோடு வரிசையில் நின்றார்கள். இந்த வருஷத்திலிருந்து கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்சூரன்ஸ் போடுகிறது, பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் உண்டு என்று இரண்டாயிரத்து ஏழாம் வருஷப் பொங்கலிலிருந்தே பேச்சு. அன்றைக்குத்தான் பெயர் கொடுக்கிற நாள். சூளையில் குழாய் அடுக்குகிற ஞானதாஸ் தன் முறை வந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

வெல்பேர் ஆபீசர் தர்மராஜ் குனிந்த தலை நிமிராமல் கேட்டார். "சம்சாரம் வூட்டுலதான?"

ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் மனைவியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் ஞானதாஸுக்கு வாய் நிற்காது.

"வூட்டுலயா? நல்லா கேட்டீங்க சார்! செராமிக் எஸ்டேட்டுல போயி உபகாரமேரின்னு சொல்லிப் பாருங்க. பழமலை மொதலாளியோட பொம்மைக் கம்பெனியே அவ கையிலதான் ஓடுது. அவ போவலன்னா அன்னிக்கு அங்க ஒரு வேல நடக்காது."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தர்மராஜும் சிரித்தபடியே எதையோ எழுதிக்கொண்டார். ஞானதாஸ் மீசையைத் தடவிக்கொண்டு வெளியே வந்தான்.

ஆடி மாதம் மேரிக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. யாரிடமும் மூச்சு விடாமல் பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள். ஒருநாள் பொம்மைக் கொட்டகையிலேயே மயங்கி விழுந்தாள். பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து வேலை செய்யும் வீராயிதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கர்ப்பப்பையில் கட்டி, இனி ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். பெரியாஸ்பத்திரியில் முறை வருவதற்கு அதைவிட அதிக நாளாகும் போலிருந்தது; தனியாரில் செய்யக் கையில் காசில்லை.

"எதுக்கு மூஞ்சத் தொங்கப்போடற? கம்பெனி இன்சூரன்ஸு இருக்குது" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போன ஞானதாஸ், தர்மராஜ் மேஜைக்கு முன்னால் பேயறைந்தவன் மாதிரி நின்றான்.

"உங்க சம்சாரம் பேரு இதுல வராதே ஞானதாஸ். வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு அவங்க மொதலாளிதான் பாக்கணும்னு ரூல்ஸு."

"அங்க அதெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க சார். கூலி குடுக்கறதோட சரி."

"அத அவங்க மொதலாளி சொல்லணும்பா. 'எங்கிட்டதான் வேலை செய்யுது, ஆனா இன்சூரன்ஸு கெடையாது'ன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், சேத்துடலாம். இல்ல, வேலைக்கே போவலன்னாலும் சேத்துடலாம். நானே வந்து நேர்ல கேட்டுக்கறேன்." தர்மராஜ் நல்ல மனிதர். ரூல்சுக்குள் எவ்வளவு வளையலாமோ அவ்வளவு வளைந்தார்.

வீட்டுக்கு வந்த ஞானதாஸ் சோற்றில் கை வைக்கவில்லை. "நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்குது மேரி. பெரிய இவனாட்டம் உன்னப் பத்திப் பெரும பேசி, உனக்கே குழி வெட்டிட்டேன்."

மேரி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்னப் பத்திப் பெருமயாப் பேசறதுக்கு இந்த ஊருல நீங்க ஒருத்தருதான் இருக்கீங்க. அதையும் வுட்டுடாதீங்க. மொதலாளிகிட்ட நானே சொல்றேன்."

சொன்னாள். "வரச் சொல்லு, பாத்துக்கலாம்" என்றார் பழமலை.

தர்மராஜ் வருகிற அன்று ஞானதாஸ் முன்னாடியே போய்க் கொட்டகை ஓரமாக நின்றான். ஈரப் பொம்மைகள் அடுக்கிய பலகை முன்னால் மேரி உட்கார்ந்து, குழலூதும் கண்ணனுக்கு விரல் பிரித்துக்கொண்டிருந்தாள். அச்சிலிருந்து எடுக்கும்போது விரல்களெல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகத்தான் இருக்கும். மூங்கில் குச்சியின் முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். ஈரம் கூடினால் விரல் சாய்ந்துவிடும், குறைந்தால் ஒடிந்துவிடும். மேரி பொம்மையைத் தூக்கிக் கன்னத்தில் ஒரு தரம் வைத்துப் பார்ப்பாள். ஈரம் தெரிய அவளுக்கு அது போதும். உடம்பில் ரத்தமில்லாமல் உதடு வெளுத்துக் கிடந்தவளின் கை, அப்போதும் இம்மி நடுங்கவில்லை. கல்யாணமான புதிதில் இந்தக் கொட்டகைக்கு வந்தவள். இத்தனை வருஷம் பார்த்தும் ஞானதாஸுக்கு அலுக்கவில்லை.

தர்மராஜின் ஸ்கூட்டர் வந்து நின்றதும் பழமலை எழுந்து ஓடினார். தர்மராஜ் மேரியைக் காட்டிக் கேட்டதும் கையை விரித்தார்.

"இந்தம்மாவா? இங்க வேலையெல்லாம் ஒண்ணும் செய்யலங்களே. வீராயியப் பாக்க வரும், போவும், அவ்வளவுதான்."

ஞானதாஸ் அவர் கையைப் பிடித்துத் தனியே இழுத்தான். "மொதலாளி, இன்னா இது?"

"அட நீ ஒண்ணு. ஒருத்திக்கு ஆமான்னா நாளைக்கு எல்லாருக்கும் சொல்லணும். பி.எப்., இன்சூரன்ஸு எதுவும் கட்டலயான்னு சர்க்காருல கேப்பாங்க, கேசாவும். உனக்கு ஆபரேஷன் நடக்கணும், அவ்வளவுதான? வாய வெச்சிக்கினு சும்மா இரு."

ஞானதாஸுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கப்போனவனை மேரி ஒரு பார்வை பார்த்தாள். திறந்த வாயை அவன் அப்படியே மூடிக்கொண்டான்.

தர்மராஜ் அவளிடம் வந்தார். முழங்கை வரைக்கும் அப்பியிருந்த களிமண்ணைப் பார்த்தார். மடியில் கிடந்த குச்சியையும் பார்த்தார். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார். "ஏம்மா, வூட்டுலதான இருக்கீங்க?"

சுற்றிலும் சுரண்டுகிற சத்தம் நின்றுபோனது. வீராயி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாங்க சார்" என்றாள் மேரி. "வூட்டுலதான் இருக்கேன்."

குரல் கொஞ்சமும் பிசகவில்லை. உண்மையைச் சொன்னால் வேலையும் போகும், ஆபரேஷனும் போகும் என்று ஒரு நொடியில் கணக்குப் பார்த்து, அத்தனை வருஷ உழைப்பையும் ஒரே வாயில் விழுங்கிவிட்டாள். தன்னால் அது முடிந்திருக்காது என்று ஞானதாஸுக்குத் தெரிந்தது. அவனுக்கு அழுகை வந்தது.

"அப்பப் பிரச்சனையே இல்ல. பேரச் சேத்துடறேன், நாளைக்கே ஆஸ்பத்திரியில சேருங்க." தர்மராஜுக்கும் மூச்சு வந்தது. திரும்பும்போது, சுட்டு அடுக்கி வைத்திருந்த கண்ணன் ஒன்றைக் கையில் எடுத்தார். "அடேயப்பா! ஒவ்வொரு வெரலும் தனித்தனியா நிக்குதே. யாருங்க பண்றது?"

கொட்டகையிலிருந்த பெண்கள் எல்லோரும் பழமலையைப் பார்த்தார்கள்.

"அச்சுலயே அப்படித்தான் சார் வருது" என்றார் பழமலை. "புடிச்சிருந்தா எடுத்துட்டுப் போங்க. காசெல்லாம் வேணாம்."

கட்டிக் கொடுக்க ஆள் தேடி அவர் திரும்புவதற்குள் மேரி கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள். குழலுக்கும் விரலுக்கும் நடுவில் வைக்கோலைச் செருகி, செய்தித்தாளைச் சுற்றி, நூல் கட்டி நீட்டினாள்.

"பாத்துப் புடிங்க சார். வெரலு ஒடஞ்சிடும்."

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டும் வரை பழமலை வாசலில் நின்றார். பிறகு உள்ளே திரும்பிச் சொன்னார். "மேரி, நாளையிலேர்ந்து நீ ஆஸ்பத்திரியில இருப்ப. ஈரம் காயறதுக்குள்ள அந்தப் பலகையில இருக்கறதயெல்லாம் முடிச்சுக் குடுத்துட்டுப் போ."

மேரி ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்து, அடுத்த பொம்மையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.