எழுபதுக்கு மேல்

மூன்றாவது முறையும் என் தம்பி ஒச்சப்பன் கயிற்றை முன்கூட்டியே இழுத்துவிட்டான். அதன் மறுமுனையை இடுப்பில் கட்டியிருந்த என் வீட்டுக்காரர் அழகர் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார். நங்கூரத்தில் கட்டுவதற்காகக் கீழே கொண்டுபோன வடத்தின் நுனி அவர் கையிலேயே இருந்தது. தோப்பும்படித் துறைமுகத்துக்கு வெளியே, ஏழு பாக ஆழத்தில், நாற்பது அடிக்குக் கீழே, கண் தெரியாத சேற்றில் தடவித் தடவி நங்கூரத்தைத் தொட்டுவிட்டார். கட்டத்தான் நேரம் கிடைக்கவில்லை.

"நான் கேட்டேனாடா? ஏன் இழுத்த?"

"கயிறு துடிச்சுது மச்சான்."

நங்கூரத்தைப் பறிகொடுத்த போட்டுக்காரர் மாத்யூ சேட்டன் வானத்தைப் பார்த்தார். "மதி அழகரே. நாளெ குழல் இட்ட ஆளு வரும்." போதும் என்கிறார்; நாளை காற்றுக் குழாய் மாட்டி இறங்குகிற ஆள் வருவானாம். அந்த ஆள் வந்துவிட்டால் இவரை இனி யார் கூப்பிடுவார்கள்? இந்த வேலையும் போனால் மட்டாஞ்சேரி குடோனில் சுக்கு மூட்டை தூக்கப் போகிறேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டு, கஞ்சியைத் தொடாமல் எழுந்தவர். அந்த வயிற்றெரிச்சலில்தான் நானும் சண்டை போட்டு வள்ளத்தில் ஏறியிருந்தேன்.

ஒச்சப்பனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. முத்துக் குளிக்கிற எங்கள் ஊரில் கயிறு பிடிப்பது மனைவியின் கூடப்பிறந்தவன்தான். அக்காவின் தாலி தன் கையில் என்று அவன் கவனமாக இருப்பான் என்பது கணக்கு. ஆனால் ஒருமுறை எண்பது எண்ணி இழுத்த கயிற்றில் பிணம் வந்ததைப் பார்த்தவன் இவன். எழுபதைத் தாண்டினாலே இழுத்துவிடுவான்.

கயிற்றில் வரும் அந்தத் துடிப்பு எனக்குத் தெரியும். மழைக்காலம் முழுக்க வேலையில்லாமல் அவர் வீட்டுத் தரையில் படுத்துத் தம் கட்டிப் பழகினார். நான் அவர் வயிற்றில் கை வைத்து எண்ணுவேன். அறுபது வரை குளம் மாதிரி கிடக்கும். பிறகு விக்கல் போலக் குலுங்கும், போகப்போக வேகமாக. முதல் நாள் நான் கத்திவிட்டேன். "வயிறுதான் காத்து கேக்குது பேச்சி, நான் கேக்கல" என்றார். தான் கேட்கும்போது என் விரலை ஒரே அழுத்தாக அழுத்துவார். நூற்றுப் பத்து வரை போனதுண்டு.

"கயித்தை இங்க கொடு" என்றேன்.

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா?"

அழகர் என்னைப் பார்த்தார். "நூத்திப் பத்து. அதுக்கு முன்னாடி நான் கேட்டாத்தான்."

கடல் ஏற்றம் முடிந்து தண்ணீர் அசையாமல் நின்றது. இன்னும் கொஞ்ச நேரம்தான், இறக்கம் தொடங்கி நீரோட்டம் இழுக்கும். அவர் காதில் கொஞ்சம் ரத்தம் இருந்தது. துடைத்துக்கொண்டார். மூக்கைப் பிடித்து ஊதினார், வடத்தின் நுனியோடு, கீழே இழுக்கும் கல்லைக் கட்டிக்கொண்டு மறைந்தார்.

எண்ணினேன். அறுபத்திரண்டில் கயிறு குலுங்கியது. எழுபதில் என் வயிறும் சேர்ந்து குலுங்கியது. அப்போதுதான் நானும் மூச்சுவிடாமல் இருக்கிறேன் என்று தெரிந்தது. வேண்டுமென்றே மூச்சை இழுத்து விட்டேன். என் பயத்துக்கு அவரை மேலே கொண்டுவரக் கூடாது.

எண்பத்தைந்தில் ஒச்சப்பன் கயிற்றைப் பிடிக்க வந்தான். கையைத் தட்டிவிட்டேன். "தொடாதே."

தொண்ணூற்றெட்டில் குலுங்கல் நின்றது.

வீட்டில் அது ஒருநாளும் நின்றதில்லை. ஒச்சப்பன் அழத் தொடங்கினான். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் எண்ணினேன். நூறு. நூற்றொன்று. நூற்றிரண்டு.

நூற்று மூன்றில் ஒரே ஒரு இழுப்பு. அழுத்தமாக, என் விரலை அழுத்துவாரே அது போல.

இழுத்தேன். ஒச்சப்பனும் என்னோடு சேர்ந்துகொண்டான். கயிறு உள்ளங்கையை அறுத்தது. கலங்கிய தண்ணீரைப் பிளந்துகொண்டு முதலில் ஒரு கை வந்தது. முழங்கை வரை கறுப்புச் சேறு. விரல்கள் விரிந்திருந்தன. அதில் வடம் இல்லை; கட்டிவிட்டாரா, நழுவவிட்டாரா தெரியவில்லை.

முகம் இன்னும் வரவில்லை. நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பத்தொன்பது என்று எண்ணிக்கொண்டே இழுத்தேன்.