பன்னிரண்டு மில்லி செகண்ட்

வெஸ்லின், அவனோடு அறையில் தங்கியிருக்கும் ஆனந்த், தண்ணீர் வருகிறதா என்று எட்டிப்பார்த்த வீட்டுக்காரம்மா வெங்கடம்மா, அவ்வளவுதான், காலையிலிருந்து இந்த அறைக்குள் இருந்தது மூன்றே பேர், வெங்கடம்மாவுக்கு லேப்டாப்பைத் திறக்கக்கூடத் தெரியாது, அப்படியென்றால் மிச்சம் யார்... வெஸ்லின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு வரி. பன்னிரண்டு மில்லி செகண்ட் காத்திரு, பிறகு மறுபடி படி. இதை எழுதிய ஞாபகமே இல்லை. மெஷின்களின் எண்ணிக்கையைப் படிக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் அது, யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம், சென்சார் அதிர்ந்தால் ஒரே பீஸை இரண்டாக எண்ணிவிடும், அந்தக் கோளாறைத்தான் அவன் சரிசெய்திருந்தான். அதைப் பராமரிப்பவர்கள் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள், முதலில் கோடில் சம்பந்தமில்லாத இடைவெளிகளை எல்லாம் ஏன் மாற்றினாய் என்று, அப்புறம் ஒரு பேட்ச்சில், அதாவது அனுப்பும் ஒரு திருத்தத்தில், ஒரு வேலைதான் இருக்க வேண்டும் என்று. இன்று மாலைக்குள் போகாவிட்டால் இந்த வெளியீட்டில் சேராது, சேர்ந்தால்தான் பொம்மசந்திராவில் விண்ணப்பித்திருக்கும் புதுக் கம்பெனிக்காரன் வேலைக்குக் கூப்பிடுவான், பகல் வேலை, உட்கார்ந்து செய்கிற வேலை. ஒரு மாதத் திருத்தங்களை ஒரே பேட்ச்சாகச் சேர்த்துச் சுத்தம் பண்ணும் நேரத்தில் இது எங்கிருந்து முளைத்தது?

ஆனந்த் காலையில் லேப்டாப்பைத் தொட்டான். நான்கு மாதம் முன்பு வெஸ்லின் நைட் ஷிப்ட் வேண்டாம் என்று விட்டுவந்த அதே கம்பெனியில்தான் அவன் இன்னும் இருக்கிறான், போன வாரம் ஆபீஸுக்குள் அவனைக் கூப்பிட்டார்கள், பஸ் பாஸ் விஷயம் என்றான், பஸ் பாஸுக்கு முக்கால் மணி நேரமா? அந்தப் பழைய கம்பெனி மெஷினுக்குள் இதே வரி ஓடுகிறது, வெஸ்லினுக்குத் தெரியும். அது தன் பெயரில் உலகம் பார்க்கிற இடத்தில் ஏறினால் போதும், எங்கள் கோடைத் திருடிவிட்டான் என்று கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் வந்துவிடும். பேட்ச்சின் அடியில் கையெழுத்து வரி வேறு, இதைக் கொடுக்கும் உரிமை எனக்கு உண்டு என்று பெயரோடு சொல்லியாக வேண்டும். காலையில் லேப்டாப்பில் என்ன பண்ணினாய் என்று ஆனந்திடம் கேட்டான்.

“பைக் ஆர்சி பிரிண்ட்டு எடுக்கணும்னு சொல்லிட்டுத்தானேடா எடுத்தன்? உன் மாமியா நகைய தூக்கினாப்புல பாக்கற.”

கல்யாணமே ஆகாதவனுக்கு மாமியார்... வெஸ்லின் சிரிக்கவில்லை, பழைய திருத்தங்களின் பதிவைத் திறந்தான். அந்த வரிக்குப் பக்கத்தில் அவன் பெயரே இருந்தது, மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய், அன்று ஆனந்த் கெலமங்கலத்தில், தங்கை நிச்சயத்தில். தேதியை மாற்றலாம், ஆனால் ஆனந்துக்கு அந்த வித்தை தெரியாது, தெரியாதா? சரி, எழுதியது நானேதான், கை தானாக எழுதியிருக்கிறது, ஆனால் கை எங்கே படித்தது... ஒரு நைட் ஷிப்டில் எண்ணிக்கை தாறுமாறாக ஓட, சூப்பர்வைசர் கன்னடத்தில் கத்திக்கொண்டிருக்க, வெஸ்லின்தான் காத்திருக்கும் நேரத்தைப் பத்து போட்டான், பதினொன்று போட்டான், பன்னிரண்டில் நின்றது. யாரும் சொல்லித்தரவில்லை. மெஷின் அவர்களுடையது, நேரமும் அவர்கள் சம்பளம் கொடுத்த நேரம், கெட்ட தூக்கம் இவனுடையது, எண் யாருடையது? வரியை அழித்துச் சோதித்தான், ஆயிரத்துக்கு மூன்று பீஸ் தப்பாக வந்தது. பதினான்கு போட்டால் சரியாக வரும், ஆனால் அது திருட்டு பைக்குக்கு வேறு பெயிண்ட் அடிக்கிற வேலை.

ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த ஆனந்திடம் விஷயத்தைச் சொன்னான், சந்தேகப்பட்டதை மட்டும் சொல்லவில்லை.

“பன்னெண்டா? அது உன் நம்பருடா. லைன்ல இன்னும் வெஸ்லின் செட்டிங்குன்னுதான் சொல்றாங்க. நேத்துகூட புது மேனேஜர் கேட்டாரு, யாரு அந்த வெஸ்லின், இப்ப எங்க இருக்கான்னு.”

பெருமையாகச் சொன்னானா, வேவு பார்த்துச் சொன்னானா, அந்த மேனேஜருக்கு என்ன பதில் சொன்னான்... அந்த எண் என்னுடையது என்று அங்கே அத்தனை பேருக்கும் தெரிந்திருப்பதுதான் இப்போது ஆபத்தா? கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஆனந்த் படி இறங்கினான். பேட்ச்சின் கையெழுத்து வரி காலியாகவே இருந்தது. வெஸ்லின் எழுந்துபோய் அவன் பின்னால் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, சாவியையும் ஒரு சுற்றுச் சுற்றினான்.