மூத்தாளுக்கு ரோடு, இளையாளுக்கு ஹால்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சைக்கிள்கள். ஒன்று ரோடு சைக்கிள். எட்டு வருஷப் பழக்கம், எந்தக் குழியில் இறங்கினாலும் ஏறி வந்துவிடும். இன்னொன்று டிரையத்லான் சைக்கிள், அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டிக்கானது, போன வருஷம் வந்தது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கம்பிகளின்மேல் முழங்கைகளை ஊன்றி, முதுகை மடக்கி, கீழே விழுந்த மூக்குத்தித் திருகாணியைத் தேடுகிறவர்போலக் குனிந்துகொண்டு ஓட்ட வேண்டும். காற்று தலைக்குமேல் வழுக்கிப் போய்விடுமாம். முதலாவதற்கு மூத்தாள், இரண்டாவதற்கு இளையாள் என்று பெயர் வைத்தவள் நான்தான். மூன்றாவதாக நானும் அந்த வீட்டில் இருந்தேன்.

அவருக்கு ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் போடும் வேலை. முந்நூறு பேரில் யார் காலை, யார் மாலை, யார் இரவு என்று எழுதி ஒட்டுவார். யாருக்கும் குறை இருக்கக் கூடாது என்பது அவருடைய வேதவாக்கு. சைக்கிள்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அட்டவணை போட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டினார். திங்கள், புதன், வெள்ளி மூத்தாள். செவ்வாய், வியாழன், சனி இளையாள். ஞாயிறு இருவருக்கும் ஓய்வு.

"எனக்கு எந்தக் கிழமைங்க ஓய்வு?" என்று கேட்டேன்.

"நீ அட்டவணையிலேயே இல்லையே" என்றார். கிண்டலாகச் சொன்னாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மனிதர் நிஜமாகவே சொன்னார்.

அட்டவணையில் இன்னொரு கட்டமும் இருந்தது: இடம். மூத்தாளுக்கு ரோடு, இளையாளுக்கு ஹால். புதுச் சைக்கிளை வெளியே எடுத்தால் கல் தெறிக்குமாம், தூசி படியுமாம். அதனால் பின்சக்கரத்தை ஓர் இரும்பு ஸ்டாண்டில் மாட்டி, மின்விசிறிக்கு எதிரே நிறுத்திவிட்டார். மிதித்தால் சக்கரம் சுற்றும், சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கும். டிவியில் மலைப்பாதை ஓடும். இவர் வால் நீண்ட ஹெல்மெட் வேறு போட்டுக்கொள்வார். ஹாலில் எந்த லாரி வந்து மோதப்போகிறது என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் துவைத்த துணி வாளியோடு குறுக்கே போனேன். "தள்ளு, தள்ளு! இறக்கத்துல வர்றேன்!" என்று கத்தினார். நான் தள்ளித்தான் நின்றேன்.

இதெல்லாம் அவர் பாட்டுக்கு நடந்திருந்தால் எனக்கென்ன வந்தது? ஆனால் இந்த வருஷ டிரையத்லானில் மூன்று பேர் சேர்ந்து ஒரு அணியாக இறங்கலாம் என்று அறிவித்தார்கள். ஒருவர் ஏரியில் நீந்த வேண்டும், ஒருவர் நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்ட வேண்டும், ஒருவர் பத்துக் கிலோமீட்டர் ஓட வேண்டும். கணுக்காலில் நேரம் குறிக்கும் பட்டை ஒன்று கட்டுவார்கள். அதை ஒருவர் கழற்றி அடுத்தவருக்குக் கட்டிவிட வேண்டும். நீச்சலுக்கு என் தம்பி. சைக்கிள் கடை வைத்திருக்கிறான், தண்ணீரில் அவனிடம் மீன் தோற்கும். சைக்கிளுக்கு இவர். ஓட்டத்துக்கு நான்.

ஆமாம், நான்தான். ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து மாலைவரை நின்றுகொண்டே ரத்தம் எடுக்கிறவள். ஆறு மாதமாகத் தினமும் விடியற்காலையில் எழுந்து, வீட்டிலிருந்து ஏரிக்குப் போகும் சாலையில் ஓடினேன். முதல் வாரம் தெருமுனை வரைகூட மூச்சு வரவில்லை. ஆறாவது மாதம் பத்துக் கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் முடித்தேன். என் நாற்பத்தொரு வயதில் எனக்கென்று நான் செய்த ஒரே காரியம் அது. இதில் ஒரே ஒரு கண்டம். சைக்கிள் ஒன்பது மணிக்குள் வந்து சேராவிட்டால், அடுத்து ஓட வேண்டியவரை விடமாட்டார்கள்.

தம்பி ஊதுகிற சங்கை ஊதினான்.

"அத்தான், ஸ்டாண்டுல மிதிக்கிறது ஓட்டுறது ஆகாது. இதுல பிரேக் வெளிக் கைப்பிடியில இருக்கு. முழங்கைய எடுத்துத்தான் பிடிக்கணும். எடுக்கிற நேரத்துல வண்டி ஆடும். ரோட்டுல பழகாம முடியாது."

"ரெண்டுக்கும் வாரம் ஆறு ஆறு மணி நேரம் கொடுத்திருக்கேன்பா. ஒரு நிமிஷம் வித்தியாசம் இல்ல."

"ஹால்ல திருப்பம் ஏது அத்தான்?"

"கால்ல பலம் இருந்தா திருப்பம் தானா வரும்" என்றார் ஷிப்ட் போடுகிறவர்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். காய்கறி வாங்குவதைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, பையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

போட்டி நாளன்று தம்பி முன்யோசனையாக இரண்டு சைக்கிள்களையும் தன் வேனில் ஏற்றி வந்தான். ஏரிக்கரையில் கடைசியாக ஒருமுறை கெஞ்சினேன். "ஏங்க, மூத்தாளையே எடுத்துக்கோங்க. ஒன்றரை மணி நேரத்துல கண்ணை மூடிக்கிட்டு வந்துடுவீங்க."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"சனி."

"சனிக்கிழமை யார் முறை?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் இளையாளை ஏரியில் தள்ளியிருப்பேன். அதற்குள் தம்பி நீந்தி முடித்துக் கரையேறிவிட்டான். ஏழு மணி ஐந்து நிமிடம். அணிகளில் இரண்டாவது. ஈரக் கையோடு பட்டையை அத்தான் காலில் கட்டிவிட்டான்.

ஏரிக்கரைச் சாலையில் நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தக் கோடியில் ஒரு திருப்பம், எங்கள் கண் எதிரே ஒரு திருப்பம். எல்லாரும் வந்தார்கள், சாய்ந்தார்கள், திரும்பிப் போனார்கள். பன்னிரண்டு வயதுப் பையனின் அப்பா என்று சொல்லிக்கொண்ட ஒரு குண்டு மனிதர்கூடத் திரும்பினார். எங்கள் வீட்டுக்காரர் வந்தார். முழங்கை கம்பியில் இல்லை. வெளிக் கைப்பிடியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்து, பிரேக்கில் விரலை வைத்தபடி, நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். திருப்பத்துக்குப் பத்தடி முன்னால் நின்றார். இறங்கினார். சண்டிமாட்டைத் திருப்புவதுபோலச் சைக்கிளைத் தள்ளித் திருப்பினார். மறுபடி ஏறினார். ஏறுவதற்கு மூன்று முறை காலைத் தூக்க வேண்டியிருந்தது.

"அக்கா, தண்ணி குடிக்கவும் இறங்குறாரு" என்றான் தம்பி. பாட்டில் சீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஹாலில் ஆடாமல் நின்ற சைக்கிளில் அதை எத்தனை லாகவமாக எடுப்பார் தெரியுமா?

இரண்டாவது சுற்றிலும் இறங்கினார். மூன்றாவதிலும் இறங்கினார். கூட்டம் கை தட்டிச் சிரிக்கத் தொடங்கியது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஷூ நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். எட்டே முக்கால் ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. பக்கத்தில் நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஓடப் போய்விட்டார்கள். கோட்டருகே நான் மட்டும் நின்றேன்.

ஒன்பது ஏழுக்கு வந்தார். பட்டையைக் கழற்றி நீட்டினார். நான் கட்டிக்கொண்டேன். கொடி பிடித்திருந்தவர் குறுக்கே கையை நீட்டி, "நேரம் முடிஞ்சிடுச்சும்மா" என்றார். நல்ல மனிதர், வருத்தத்தோடுதான் சொன்னார்.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். "ரோடு சரியில்ல. திருப்பம் ரொம்பக் குறுகல். வேணும்னா அளந்து பாருங்க" என்று இவர் கொடிக்காரரிடம் வாதாடத் தொடங்கினார். கையை வீசி வீசி அரைமணி நேரம் பேசக்கூடியவர். ஆறு மாத ஓட்டம் போயிற்றே என்று என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அழுகை முட்டியது. அழுதால் மூச்சு கெட்டுவிடும் என்று அடக்கினேன்.

தம்பியிடம் போய், "நீ கிளம்பு. மூத்தாளையும் கொண்டு போ" என்றேன்.

"அப்ப அத்தான்?"

"இளையாளோட வருவாரு."

ஏரிக்கரையிலிருந்து எங்கள் வீட்டு வாசலுக்குச் சரியாகப் பத்துக் கிலோமீட்டர். நானே அளந்து வைத்தது. வழியில் பதினோரு திருப்பங்கள், நடுவில் ஒரு சந்தைத் தெரு. பட்டையோடு ஓடத் தொடங்கினேன். யாரும் குறுக்கே கையை நீட்டவில்லை.

சந்தைத் தெருவைத் தாண்டியபின்தான் பின்னால் சத்தம் கேட்டது. மிதிக்காமல் உருளும் சக்கரத்தின் டிக் டிக் டிக். "ஏய், நில்லு! வேன் எங்க?" நான் நிற்கவில்லை. நேர்ச் சாலையில் சத்தம் நெருங்கி வந்தது. திருப்பத்தில் நின்றுவிட்டது. இறங்குகிறார் என்று புரிந்தது. மறுபடி நெருங்கியது, மறுபடி நின்றது. கடைசி இரண்டு திருப்பங்களில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சிரித்துக்கொண்டும் ஓடலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வாசற்படியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஐம்பத்தாறு நிமிடம். இதுவரை நான் ஓடியதிலேயே வேகம். யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

சற்று நேரம் கழித்து அவர் தள்ளிக்கொண்டே வந்தார். தெருமுனைக்குப் பிறகு ஏறவே இல்லைபோல. இளையாளைச் சுவரில் சாய்த்துவிட்டு எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். சைக்கிள் நிறையத் தூசி. அவர் துடைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இவ்வளவு வேகமா ஓடுவியா?"

ஆறு மாதமாக ஒரே வீட்டிலிருந்து கிளம்பி ஓடியிருக்கிறேன். ஒருநாளும் வாசலுக்கு வந்து பார்த்ததில்லை. இன்றைக்குத்தான் பார்த்திருக்கிறார், அதுவும் முதுகை. அப்படியும் அந்தக் கேள்வியில் மனசு குளிர்ந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"உன்னப் பிடிக்கவே முடியல. எப்படி ஓடுன?"

"திருப்பம் வந்தா திரும்பினேன்" என்றேன். "இறங்கல."

அவர் தலை குனிந்தார். நான் பட்டையை அவிழ்த்து அவர் மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.